குப்பை அடைக்கவில்லை

ஈரத் தரையில் கால் வைப்பது எனக்குப் பிடிக்காது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். குளித்து முடித்தால்கூடத் தரையைத் துடைத்துவிட்டுத்தான் வெளியே வருவேன். ஊர் முழுக்க வடிகால் பார்க்கிற பொறியாளனுக்கு வீட்டில் ஒரு சொட்டுத் தண்ணீரைக் கண்டால் ஆகாது என்பது என் மனைவிக்கு நல்ல வேடிக்கை. இதை எதற்குச் சொல்கிறேன் என்று நீங்கள் நினைக்கலாம், மேடம். எதையும் முதலிலிருந்து சொன்னால்தான் எனக்குக் கோர்வையாக வரும்.

உங்கள் விசாரணை அறிக்கையின் வரைவைப் படித்தேன். மழை பற்றிய பகுதியைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடத்தான் என்னைக் கூப்பிட்டிருக்கிறீர்கள். அந்தப் பகுதி நன்றாக வந்திருக்கிறது. ‘வரலாறு காணாத மழை’ என்று எழுதியிருக்கிறீர்கள். எங்கள் பிரிவில் அந்த வார்த்தையைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவன் நான்தான். வருடம் தவறாமல் எழுதுவோம். வரலாறும் பாவம், வருடம் தவறாமல் எதையும் காணாமல் இருந்துவிடும். அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை.

எனக்கு உறுத்துவது அதற்கு அடுத்த வரி. பெரிய சாலைக்கு அடியில் இருக்கிற மூன்று கண் பாலத்தில், கீழ்ச்சந்து மக்கள் கொட்டிய குப்பை அடைத்துக்கொண்டதால்தான் தண்ணீர் வடியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அது தவறு. அந்தப் பாலம் என் பொறுப்பில் இருந்தது. என் பொறுப்பில் இருந்த எந்தக் கண்ணிலும் குப்பை சேர்ந்தது கிடையாது. அந்த வரியைத் திருத்த வேண்டும் என்பதற்காகத்தான் மற்றதையும் சொல்கிறேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை.

பாலத்துக்கு அடியில் தண்ணீர் போகிற வழியைக் கண் என்பது எங்கள் வழக்கம். மழைக்காலத்துக்கு முன்னால் மண்ணை வாரிச் சுத்தம் செய்வதற்குக் கண் திறப்பு என்று பெயர். நான் அதில் ரொம்பக் கறார். மற்ற பொறியாளர்கள் சாலையில் நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்கள். நான் குனிந்து உள்ளே நுழைந்து, டார்ச் அடித்து, மறு முனை வரை போய்விட்டு வருவேன். அதற்காகவே எனக்குக் கண் டாக்டர் என்று பட்டப்பெயர் வைத்தார் என் அத்தான். அது எப்படியோ அலுவலகம் வரை வந்து ஒட்டிக்கொண்டுவிட்டது.

அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். இரண்டு பேரும் கீழ்ச்சந்தில்தான் இருந்தார்கள். ஒரு பக்கம் கால்வாய்க் கரை, மறு பக்கம் உயர்ந்து நிற்கிற பெரிய சாலை, நடுவில் அந்தச் சந்து. அத்தான் கட்டடங்களுக்கு வண்ணம் அடித்துக்கொண்டிருந்தவர். சாரத்திலிருந்து விழுந்ததில் இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது. அதற்குப் பிறகு கட்டிலோடு சரி. அக்கா பள்ளிச் சீருடைகள் தைத்துக் குடும்பத்தை ஓட்டினாள். நான் போனால் அத்தான் கட்டிலில் இருந்தபடியே, “வாங்க டாக்டர், ஊர் கண்ணெல்லாம் பாக்கறீங்க, என் காலையும் கொஞ்சம் பாத்துட்டுப் போங்க” என்பார். சொல்லிவிட்டு அவரே முதலில் சிரிப்பார். எனக்கு அவரை மிகவும் பிடிக்கும். அக்காவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், என்னைத் தூக்கி வளர்த்தவள் அவள்தான்.

நான் இருப்பது சாலைக்கு இந்தப் பக்கம். கூப்பிடு தூரம்தான். முன்பெல்லாம் கால்வாய் நிரம்பினால் தண்ணீர் முதலில் கீழ்ச்சந்துக்குள் வரும். அங்கிருந்து மூன்று கண் வழியாக எங்கள் பக்கம் வந்து, தெருவிலும் பள்ளி மைதானத்திலும் பரவும். பரவிவிடுவதால் ஆழம் இருக்காது. அவர்களுக்கும் முழங்கால் அளவு, எங்களுக்கும் முழங்கால் அளவு. கால்வாய் இறங்கியதும் வந்த வழியே போய்விடும். பாலத்தைக் கட்டியவர்கள் அப்படித் திட்டம் போட்டுத்தான் கட்டியிருக்கிறார்கள். பழைய ஆட்கள் கெட்டிக்காரர்கள்.

ஆனால் அவர்கள் பாலம் கட்டியபோது எங்கள் தெருவில் பளிங்குத் தரை கிடையாது. ஒரு வருடம் தண்ணீர் வந்தபோது சாக்கடையும் சேர்ந்து வந்தது. என் மனைவி சாப்பாட்டு மேசை மீது காலைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்து அழுதாள். ஊருக்கெல்லாம் வடிகால் பார்க்கிற ஆளின் வீட்டில் இப்படி நிற்கிறதே என்று கேட்டாள். அந்த வாரமே குடியிருப்போர் சங்கத்தின் கூட்டம் நடந்தது. நான் சங்கச் செயலாளர். தலைவர் வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர், குரலை உயர்த்தவே மாட்டார். அந்தப் பக்கத்துச் சாக்கடை நம் வீட்டுக்குள் ஏன் வர வேண்டும் என்று மட்டும் கேட்டார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு அது நியாயமான கேள்வியாகத்தான் பட்டது. இப்போதும் அப்படித்தான் படுகிறது.

முதல் கண்ணை மூடுவதற்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. உள்ளே விரிசல் விட்டிருக்கிறது, பழுது பார்க்க வேண்டும் என்றேன். ‘பணி நடைபெறுகிறது’ என்ற பலகையை மாட்டினோம். எங்கள் பிரிவு மேஸ்திரி நல்ல மனிதர், வம்புக்குப் போகாதவர். மணல் மூட்டைகளை அடுக்கும்போது மட்டும், “கீழ உங்க அக்கா வீடு இருக்கே சார்” என்றார். தற்காலிகம்தான் என்று சொன்னேன். பொய் சொல்லவில்லை. எங்கள் துறையில் எதெல்லாம் தற்காலிகமோ அதுதான் அசையாமல் நிற்கும் என்பது அவருக்கும் தெரியும்.

அந்த வருடம் எங்கள் தெருவில் கணுக்கால் நனைகிற அளவுதான் தண்ணீர். கீழ்ச்சந்தில் தொடை வரை ஏறியது. நான் பயந்துகொண்டே இருந்தேன், யாராவது வந்து கேட்பார்கள் என்று. ஒருவரும் கேட்கவில்லை. இந்த வருடம் மழை ஜாஸ்தி என்று அவர்களாகவே சொல்லிக்கொண்டார்கள். அப்போதுதான் எனக்கு ஒன்று புரிந்தது. வீட்டுக்குள் தண்ணீர் ஏறினால் மக்கள் வானத்தை அண்ணாந்து பார்த்துத் திட்டுகிறார்கள். குனிந்து பாலத்துக்கு அடியில் பார்ப்பதில்லை. அத்தனை வருடப் படிப்பிலும் வேலையிலும் இதை எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை.

அடுத்த வருடம் இரண்டாவது கண்ணைச் செங்கல் வைத்துக் கட்டினோம். நல்ல வேலை. முகப்பிலிருந்து ஒரு கை நீளம் உள்ளே தள்ளிக் கட்டச் சொன்னேன், வெளியிலிருந்து பார்த்தால் இருட்டாக, திறந்திருக்கிற மாதிரியே தெரியும். பிறகு முதல் கண்ணையும் அதே மாதிரி மாற்றினோம். கொஞ்சம் செங்கல் மீந்தது. வீணாக்குவானேன் என்று அக்கா வீட்டுக்கு அனுப்பி, அத்தானின் கட்டில் கால்களுக்கு அடியில் வைத்து உயர்த்தித் தரச் சொன்னேன். தையல் மெஷினுக்கும் வைத்துக்கொடுத்தார் மேஸ்திரி. அக்காவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தம்பிக்கு எங்கள் ஞாபகம் இருக்கிறது என்று சந்து முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள். உண்மையாகவே இருந்தது, மேடம். அவர்கள் நனையக் கூடாது என்று நான் நினைத்தேன்.

மூன்றாவது கண்ணை அப்படி மூட முடியாது. எங்கள் தெருவில் பெய்கிற மழையும் வெளியே போக வேண்டுமே. அதனால் அதற்கு ஓர் இரும்புத் தகடு போட்டேன். கைப்பிடியைச் சுற்றினால் தகடு மேலே ஏறும், இறங்கும். சாதாரண நாளில் திறந்திருக்கும், தண்ணீர் ஓடுவதைக் கீழ்ச்சந்துக்காரர்களும் பார்ப்பார்கள். கால்வாய் ஏறுகிறது என்று தெரிந்ததும் நான் போய் இறக்கிவிடுவேன். எங்கள் தெருவில் சேர்கிற மழைத் தண்ணீரை எடுக்கச் சங்கத்தின் சார்பில் ஒரு மோட்டார் வாங்கினோம். அதன் குழாயைச் சாலை ஓரமாகப் புதைத்து அந்தப் பக்கம் கொண்டுபோய் விட்டோம். அந்தப் பக்கம் என்றால் கீழ்ச்சந்துதான். வேறு எந்தப் பக்கம் விடுவது. கைப்பிடி என் வீட்டில், செருப்பு வைக்கிற அலமாரிக்குப் பின்னால் இருக்கும். வேறு யாருக்கும் அந்த வேலையைக் கொடுத்ததில்லை. சங்கத்தில் யாரும் விவரம் கேட்டதும் இல்லை. ஏதோ ஏற்பாடு செய்திருக்கிறார் என்று மட்டும் அவர்களுக்குத் தெரியும். கண்டும் காணாமல் இருப்பதில் அவர்கள் எல்லோரும் என்னைவிடப் படித்தவர்கள்.

நான் நிம்மதியாக இருந்தேன் என்று நினைத்துவிடாதீர்கள். ஒருமுறை அக்கா வீட்டுக்குப் போயிருந்தபோது சுவரில் தண்ணீர் நின்ற கறையைக் காட்டினாள். முன்பு முழங்கால் வரை வந்தது, இப்போது தொடைக்கு மேலே ஏறுகிறது, செங்கல் வைத்ததால் கட்டில் தப்பியது, என்ன காலமோ என்றாள். அத்தான் கட்டிலிலிருந்து, “அடுத்த வருஷம் நீச்சல் கத்துக்கறேன், காலு தேவையில்லாத நீச்சல் ஏதாவது இருந்தா சொல்லுங்க டாக்டர்” என்றார். நானும் சிரித்தேன். திரும்பி வரும்போது வழியில் பாலத்துக்கு அருகே வண்டியை நிறுத்தி ரொம்ப நேரம் நின்றேன். சுவர்களை இடித்துவிடலாம், தகட்டைக் கழற்றி எறிந்துவிடலாம் என்று இருந்தது.

ஆனால் யோசித்துப் பாருங்கள். திறந்தால் அடுத்த மழையில் கீழ்ச்சந்தில் தண்ணீர் குறையும். குறைந்தால், இத்தனை வருடம் ஏன் குறையவில்லை என்று கேட்பார்கள். எங்கள் பக்கம் தண்ணீர் ஏறும். ஏறினால், இத்தனை வருடம் ஏன் ஏறவில்லை என்று தலைவர் கேட்பார். மூடியதை மறைக்க வேண்டுமென்றால் மூடியே வைத்திருக்க வேண்டும். வேறு வழி இல்லை. அக்கா முகத்தில் எப்படி விழிப்பது என்று எனக்குப் பயமாக இருந்தது. அந்தப் பயம் என்னைக் கையைக் காலைக் கட்டிப் போட்ட மாதிரி ஆக்கிவிட்டது. ராத்திரி தூக்கமில்லாமல் புரண்டிருக்கிறேன். காலையில் எழுந்து காலைத் தரையில் வைத்தால், தரை உலர்ந்திருக்கும். கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.

இனி அந்த நாள். முந்தின நாள் சாயங்காலம் பிடித்த மழை. நீங்கள் எழுதியிருக்கிற அளவுக்குப் பெரிய மழை இல்லை அது. எங்கள் மேசை மீது என் மனைவி ஏறி உட்கார்ந்த வருடம் இதைவிட அதிகம் பெய்தது. ஆனாலும் பத்திரிகைக்காரர்கள் கேட்டபோது நான் வழக்கமாகச் சொல்வதைத்தான் சொன்னேன். காலையில் கால்வாய் ஏறுகிறது என்று மேஸ்திரி சொன்னார். போய்த் தகட்டை இறக்கினேன். மோட்டாரை ஓடவிட்டேன். மத்தியானத்துக்குள் கால்வாய் கரை தாண்டிவிட்டது.

எங்கள் தெருவில் பள்ளமான இடங்களில்கூடத் தண்ணீர் நிற்கவில்லை. சங்கத்துக்காரர்கள் வேடிக்கை பார்க்க என் வீட்டு மாடிக்கு வந்துவிட்டார்கள். என் மனைவி தேநீர் போட்டுக் கொடுத்தாள். தலைவர் என் தோளில் கை வைத்து, “நீங்க இல்லேன்னா நாங்க என்ன ஆகியிருப்போம்” என்றார். பல வருடமாக அந்த மனிதர் யாரையும் பாராட்டி நான் கேட்டதில்லை. அப்போதுதான் அக்காவிடமிருந்து மொபைலில் அழைப்பு வந்தது.

அவள் சத்தம் போடவில்லை. எப்போதும் மெதுவாகத்தான் பேசுவாள். “தம்பி, தண்ணி கட்டிலைத் தொட்டுடுச்சுடா. அத்தானை என்னால தூக்க முடியல. பாலத்துக் கண்ணுல என்னமோ அடைச்சிருக்குன்னு எல்லாரும் சொல்றாங்க. உன் ஆளுங்களை அனுப்பிக் கொஞ்சம் திறந்து விடேன்” என்றாள்.

“பாக்கறேன்க்கா” என்றேன்.

உங்களுக்குத் தெரியும், மேடம், நீங்களும் அலுவலகத்தில் இருப்பவர். நம்மிடம் மனு கொண்டுவருகிறவரிடம் பார்க்கிறேன் என்று சொன்னால் என்ன அர்த்தம். முடியாது என்பதை மரியாதையாகச் சொல்கிறோம். மனுக்காரருக்கும் அது புரியும், வேறு ஆளைப் பார்க்கப் போய்விடுவார். இத்தனை வருட வேலையில் எனக்கு அந்த வார்த்தை அப்படியே நாக்கில் உட்கார்ந்துவிட்டது. அக்கா ஒருநாளும் எந்த அலுவலகத்துக்கும் வந்தவள் இல்லை. அவள் வீட்டில் யாராவது பார்க்கிறேன் என்றால், பார்ப்பார்கள். அதை நான் யோசிக்கத் தவறிவிட்டேன். என் பக்கத்தில் தவறு என்று ஒன்று இருக்குமானால், அதுதான்.

நீங்கள் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன். கைப்பிடி கீழே அலமாரிக்குப் பின்னால் இருந்தது. எடுத்துக்கொண்டு நடந்தால் பாலம் பக்கத்தில்தான். ஒரு ஆள் போதும், சுற்றினால் தகடு ஏறிவிடும். ஒரு கண் திறந்திருந்தாலே தண்ணீர் கட்டிலை விட்டு இறங்கியிருக்கும். எங்கள் தெருவில் கணுக்கால் அளவு வந்திருக்கும். மோட்டாரை நிறுத்தியிருந்தால்கூடக் கொஞ்சம் மெதுவாக ஏறியிருக்கும். நிறுத்தவில்லை. மாடி முழுக்க ஆட்கள் இருந்தார்கள். எல்லோர் முன்னாலும் கைப்பிடியை எடுத்துக்கொண்டு இறங்கிப் போவது எப்படி. தலைவரின் கை அப்போதும் என் தோளில்தான் இருந்தது. இன்னொன்றும் உண்டு. அக்கா கூப்பிட்டபோது மழை விட்டு வெகு நேரமாகியிருந்தது. மேகம்கூட விலகி லேசாக வெயில் அடித்தது. இதை அறிக்கையில் சேர்ப்பதும் சேர்க்காததும் உங்கள் விருப்பம்.

அடுத்த நாள் நானும்தான் படகில் போனேன். கட்டில் செங்கல்மேல் அப்படியே நின்றுகொண்டிருந்தது. அக்கா அத்தானின் தலையை மடியில் வைத்து, அவர் முகம் தண்ணீருக்கு மேலே இருக்கும்படி பிடித்துக்கொண்டிருந்திருக்கிறாள் என்று தீயணைப்புக்காரர் சொன்னார். பிறகு அவளுக்கே எட்டவில்லை. சந்தில் இன்னும் சில வீடுகளிலும் ஆட்கள் இறந்திருந்தார்கள், அந்த விவரமெல்லாம் உங்களிடம் இருக்கிறது. நான் அழுதேன். நடிப்பு இல்லை. அக்கா மடியில் தலை வைத்துப் படுத்து வளர்ந்தவன் நான், எப்படி அழாமல் இருப்பேன். சங்கத்துக்காரர்கள் வந்து தேற்றினார்கள். இயற்கையை யார் என்ன செய்ய முடியும் என்றார் தலைவர்.

நானும் அதையே பிடித்துக்கொண்டு இருந்திருப்பேன். இந்தக் குப்பை விஷயத்தை மட்டும் நீங்கள் எழுதாமல் இருந்திருந்தால். கண் டாக்டர் பார்த்த பாலத்தில் குப்பை அடைத்தது என்று நாளைக்கு அச்சில் வந்தால் என் மரியாதை என்ன ஆகும். அந்தச் சந்து மக்களும் பாவம், பாலத்தில் ஒரு காகிதம் போட மாட்டார்கள். அக்காவே யாரையும் போட விடமாட்டாள், அது என் தம்பி வேலை பார்க்கிற இடம் என்று சண்டைக்குப் போவாள். குப்பை அடைக்கவில்லை. நான் அடைத்தேன். இரண்டு கண்ணைச் செங்கல்லால், ஒரு கண்ணை இரும்பால். சுவரை நீங்களே போய்ப் பார்க்கலாம், இத்தனை தண்ணீரிலும் ஒரு கல் நகரவில்லை. இப்போதும் மூடித்தான் இருக்கிறது. இடிப்பதாக இருந்தால் இந்த மழைக்காலம் போகட்டும். எங்கள் தெருவில் இருப்பவர்கள் ஒரு தப்பும் செய்யாதவர்கள்.

நீங்கள் இஸ்திரிக்காரரின் சாட்சியத்தை வாசித்துக் காட்டினீர்கள். அக்காவின் பக்கத்து வீட்டுக்காரர், நல்ல மனிதர். கதவைக் கழற்றி எடுத்துக்கொண்டு, தன் மகனையும் கூட்டிக்கொண்டு, அத்தானை அதில் படுக்கவைத்துச் சாலைக்குக் கொண்டுபோகலாம் என்று வந்திருக்கிறார். “தம்பி பாக்கறேன்னு சொல்லியிருக்கான். வந்துடுவான். நீங்க உங்க பிள்ளைங்களை முதல்ல கரை சேருங்க” என்று அக்கா அவரைத் திருப்பி அனுப்பிவிட்டாள் என்று சொல்லியிருக்கிறார். அவர் சொன்னது சரிதான். ஆனால் ஒன்று விட்டுப்போயிருக்கிறது. அவர் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நின்றதால் அவருக்குத் தெரிந்திருக்காது. எல்லாவற்றையும் திருத்துகிறோம், இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு நான் மொபைலைப் பையில் போட்டுக்கொண்டு, மாடியின் கைப்பிடிச் சுவர் ஓரமாக வந்து நின்றேன். சாலைக்கு அப்பால் அக்கா வீட்டு ஜன்னல் நேராகத் தெரிந்தது. அக்கா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கையில் தைத்துக்கொண்டிருந்த சீருடைத் துணி இருந்தது. என்னைப் பார்த்துவிட்டாள். அவள் முகம் மாறியது அவ்வளவு தூரத்திலிருந்தும் எனக்குத் தெரிந்தது. அந்தத் துணியைத் தூக்கி ஆட்டினாள். நானும் கையைத் தூக்கி ஆட்டினேன். அதற்குப் பிறகுதான் அவள் திரும்பி, கதவோடு நின்றவரைப் போகச் சொன்னாள். ஏன் கையை ஆட்டினீர்கள் என்று கேட்காதீர்கள், மேடம். கூடப் பிறந்தவள் கை காட்டும்போது பதிலுக்குக் காட்டாமல் முகத்தைத் திருப்பிக்கொள்கிற அளவுக்கு நான் கல்நெஞ்சக்காரன் இல்லை.